ஏழாவது லைன் கேஸ் மாற்றிய கதை

முட்டாள்களின் கதையைச் சொல்கிறவர்கள் எப்போதும் அந்த ஊர் எல்லைக்கு வெளியே நின்றுகொண்டுதான் சொல்வார்கள். "அங்கே சிலர் இருந்தார்களாம்" என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. நான் உள்ளே இருந்தேன். உள்ளே இருந்தேன் என்பதுகூடத் தன்னடக்கம்தான். நான்தான் தலைவர்.

மூணுகிணற்றுப்பட்டியில் பஞ்சாலை மூடி இருபத்தாறு வருஷம் ஆகிறது. தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகள் மட்டும் மூடாமல் இருக்கின்றன. ஏழாவது லைனில் பதினோரு வீடு. பதினோரு வீட்டுக்கும் சேர்த்து ஒரு விலைவாசி எதிர்ப்புக் குழு. தலைவர் ஆவுடையப்பன், அதாவது நான். செயலாளர் மாடக்கண்ணு. ஆலையில் நூல் மூட்டைகளுக்கு எண் எழுதியவர், அதனால் சுவரெழுத்தும் அவர் பொறுப்பு. கொள்கை விளக்கம் தாவீது. எதைக் கேட்டாலும் கண்ணை மூடி யோசித்துவிட்டு, ஏன் கேட்டோம் என்று கேட்டவர் வருத்தப்படும்படி பதில் சொல்வார். மற்ற எட்டு வீட்டாரும் கை தூக்குவார்கள்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடம் ஐந்தாவது வரை, மீதியெல்லாம் துண்டறிக்கை. ஆலை வாசலில் கொடுத்ததையெல்லாம் வாங்கிப் படித்தேன், பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். நாற்பத்தொரு வருஷத்தில் பத்தொன்பது போராட்டம். ஒன்றிலும் ஜெயித்ததில்லை. என் மனைவி சொர்ணத்துக்கு ஒவ்வொன்றும் எண்ணோடு ஞாபகம் இருக்கும். பஸ் கட்டணம் ஏறியபோது பதினான்கு நாள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தோம். ஏற ஆளில்லை என்று சொல்லி அந்தப் பஸ்ஸையே நிறுத்திவிட்டார்கள். இன்றுவரை நடக்கிறோம். அது பதினொன்றாவது.

எங்கள் குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. தீர்மானத்தில் இருப்பதைச் செய்யாமல் விடக் கூடாது, இல்லாததைச் செய்யவும் கூடாது. இதைக் கொண்டுவந்தவனும் நான்தான். ஆலைப் போராட்டத்தில் முதலாளியோடு பேச இரண்டு பேரை உள்ளே அனுப்பினோம். அவர்கள் சொந்த மூளையைப் பயன்படுத்தி ஆளுக்கொரு காவலாளி வேலையோடு வெளியே வந்தார்கள். மறுநாள் எங்களைக் கேட்டில் நிறுத்தியவர்களே அவர்கள்தான். அன்றைக்கிருந்து குழுவில் சொந்த மூளைக்கு இடமில்லை.

போன சித்திரையில் கேஸ் சிலிண்டர் விலை மறுபடி ஏறியது. சிலிண்டர் கொண்டுவரும் இன்னாசி வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் டீக்கடையில் வடை வாங்கினேன். சுற்றிக் கொடுத்த பேப்பரில் ஒரு செய்தி இருந்தது. "தங்கள் ஏஜென்சி பிடிக்காத நுகர்வோர் வேறு ஏஜென்சிக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால்" என்று இருந்தது. 'ஆனால்' என்பதற்குப் பிறகு எண்ணெய் ஊறி எழுத்து தெரியவில்லை. போராட்டக்காரனுக்கு 'ஆனால்' எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொர்ணத்திடம் சொன்னேன்.

"இது இருபதாவதா?" என்றாள்.

"ஆமா."

"இதுலயும் தோத்தா?"

"தோக்க மாட்டோம்."

"பத்தொம்பது தடவையும் இதத்தான் சொன்னிய. தோத்தா அந்த ரப்பர் ஸ்டாம்பை எங்கிட்ட குடுத்திரணும், குழுவக் கலைச்சிரணும். அதோட சாகுற மட்டும் அடுப்படி உங்க பொறுப்பு. சம்மதமா?"

ரப்பர் ஸ்டாம்பு என்று அவள் சாதாரணமாகச் சொன்னது 'தலைவர்' என்று ஊதா மையில் விழுகிற முத்திரையை. ஆலை எனக்குச் சம்பளச் சீட்டுகூடக் கொடுக்காமல் போய்விட்டது. வாழ்ந்ததற்கு என்னிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி அதுதான். சட்டைப்பையில் வைத்தே தூங்குகிறவன் நான். ஆனாலும் சம்மதம் என்றேன். சாவதற்குள் ஒரே ஒரு வெற்றி வேண்டும் என்று எனக்கு இருந்தது.

மறுநாள் காலையில் குழாயடியில் கூட்டம். எங்கள் ஊரில் ஏஜென்சி இரண்டு. நாங்கள் இருந்தது தங்கத்தேர் கேஸ் ஏஜென்சி. கடைவீதியின் மறுகோடியில் வெள்ளிமலர் கேஸ் ஏஜென்சி.

"வெள்ளிமலர்ல என்ன விலை?" என்று மாடக்கண்ணு கேட்டார்.

"இதே விலைதான். நாடு பூராவும் அரசாங்கம் வைக்கிற விலை" என்றார் தாவீது.

"அப்பம் மாறி என்னவே புண்ணியம்?"

தாவீது கண்ணை மூடினார். குழாயில் ஒரு குடம் நிறைகிற நேரம் ஆனது. "சந்தையில கத்திரிக்கா கேக்கோம். அவன் ஒரு விலை சொல்லுதான். நாம பேசாம அடுத்த கடையப் பாத்து ரெண்டு எட்டு வைக்கோம். அவன் என்ன செய்வான்?"

"கூப்பிட்டுக் குறைப்பான்."

"குறைக்கிறதைப் பாத்து அடுத்த கடைக்காரன் என்ன செய்வான்?"

"அவனும் குறைப்பான்."

"ரெண்டு பேரும் குறைச்சா அரசாங்கம் மட்டும் தனியா எவ்வளவு நேரம் வே நிக்கும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. தீர்மானம் ஒன்று எழுதினேன்: 'தங்கத்தேர் ஏஜென்சிக்குச் சென்று, விலகுகிறோம் என்று அறிவித்து, திரும்பிப் பார்க்காமல் நடப்பது.' ஸ்டாம்பு குத்தினேன்.

பதினோரு பேரும் போனோம். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் அறிவித்தேன். "சரிங்க" என்றாள். வெளியே வந்து நடந்தோம், கத்திரிக்காய்க்கு நடக்கிற நடைதான். ஒரு காலை எடுத்து வைத்தால் அடுத்த காலுக்கு அவசரம் காட்டக் கூடாது. இருபது அடி போவதற்குள் ஒரு சிக்கல் வந்தது.

"தலைவரே, கூப்பிடுதாங்களா இல்லையான்னு எப்படித் தெரியும்? திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு தீர்மானம் இருக்கே" என்றார் மாடக்கண்ணு.

"காது எதுக்கு இருக்கு?" என்றேன்.

"கையக் காட்டிக் கூப்பிட்டா?"

அது நியாயமாக இருந்தது. கடைவீதி நடுவில் நின்று விவாதித்தோம். திரும்பிப் பார்க்கத்தான் கூடாது, முதலிலேயே அந்தப் பக்கம் பார்த்து நிற்கிறவன் திரும்ப வேண்டியதில்லை என்று தாவீது விளக்கம் கொடுத்தார். அதனால் மாடக்கண்ணு ஏஜென்சியைப் பார்த்தபடியே பின்னால் நடப்பது என்று முடிவானது. பத்துப் பேர் முன்பக்கமாகவும் ஒருவர் பின்பக்கமாகவும் நடந்தோம்.

"என்ன தெரியுது?" என்று கேட்டேன், திரும்பாமல்.

"பொண்ணு எந்திரிக்கா."

"ம்."

"வாசலுக்கு வாறா, தலைவரே. கையத் தூக்குதா."

பதினோரு பேரும் நின்றுவிட்டோம்.

"ஷட்டரை இறக்கிட்டா. சாப்பாட்டு நேரம்போல" என்றார் மாடக்கண்ணு. அதைச் சொல்லிக்கொண்டே இன்னும் ஓர் அடி பின்னால் வைத்து, சாக்கடைக்குள் போனார். அவரைத் தூக்குவதற்குத் திரும்ப வேண்டும். தீர்மானம் இடம் கொடுக்கவில்லை. நாங்கள் பத்துப் பேரும் முன்னால் பார்த்தபடியே கையைப் பின்பக்கம் நீட்டினோம். தாவீதின் கையைப் பிடித்து அவர் ஏறினார். பிறகு தாவீதும் அவரும் குளித்துவிட்டு வந்தார்கள்.

இனி பேச்சில்லை, மாறுவதுதான் என்றேன். மாறுவதற்குப் பழைய சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்துச் சீட்டு வாங்கி, அதைப் புதிய ஏஜென்சியில் கொடுக்க வேண்டும் என்று விசாரித்ததில் தெரிந்தது. குழாயடியில் மறுபடி கூட்டம்.

"சிலிண்டருக்குள்ள கேஸ் இருக்கே" என்றார் மாடக்கண்ணு. அவருக்கு எப்போதும் இப்படி ஏதாவது தோன்றும்.

இதை நான் யோசிக்கவில்லை. எதிரிக்கு நம் கேஸைத் தானமாகக் கொடுப்பதா? அங்கேயே இரண்டாம் தீர்மானம் எழுதினேன்: 'ஒரு மூச்சு கேஸ்கூட எதிரிக்கு மிஞ்சக் கூடாது. எரித்து முடிக்கும்வரை அடுப்பு அணையாது.'

"சமைச்சு சமைச்சு தீத்துட்டு, தீந்ததும் கொண்டு போய்க் குடுத்தா என்ன? ஒரு மாசம் ஆகும், அவ்வளவுதான்" என்று எட்டாம் வீட்டுக்காரர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

தாவீது கண்ணைத் திறக்காமலே, "அது சொந்த மூளை" என்றார். எட்டாம் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பணத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பதினோரு வீட்டில் கேஸ் எரிய ஆரம்பித்தது. சமைக்க அரிசி பருப்பு செலவாகுமே என்று தண்ணீர் சுட வைத்தோம். சுட்ட தண்ணீரைக் கொட்ட மனசு வரவில்லை, குளித்தோம். கத்திரி வெயிலில் ஏழாவது லைன் முழுக்க ஒரு நாளைக்கு நாலு தடவை வெந்நீரில் குளித்தது. எனக்கு முதுகு பூராவும் வேர்க்குரு.

தாவீது வீட்டில் முந்தின நாள்தான் புது சிலிண்டர் மாட்டியிருந்தார்கள். அது தீரவே இல்லை. முறை போட்டுக் காவல் இருந்தோம். மூன்றாம் நாள் ஆறாவது லைன்காரர்கள் அரிசிப் பானையோடு வந்து, "அண்ணாச்சி, சும்மா எரியுதுன்னு கேள்விப்பட்டோம்" என்றார்கள். பொங்கினார்கள், குழம்பு வைத்தார்கள். ஒரு வீட்டில் அதிரசமே சுட்டார்கள். போராட்டத்துக்கு வெளியிலிருந்து இவ்வளவு ஆதரவு வந்தது அதுவே முதல் தடவை என்று நான் பேசினேன். "பொறவு பேசுங்க அண்ணாச்சி, எண்ணெ காயுது" என்றார்கள்.

ஒப்படைக்கும் நாள் வந்தது. எதிரியின் கைக்குப் போகிற ஒவ்வொரு சிலிண்டரும் நம் கோரிக்கையைச் சுமந்து போக வேண்டும் என்று மூன்றாம் தீர்மானம். மாடக்கண்ணு சிவப்புப் பெயிண்ட் கொண்டுவந்தார். டப்பாவில் ஒரு சிலிண்டருக்குத்தான் இருந்தது. தலைவர் சிலிண்டருக்கே அந்த மரியாதை என்று, என் வீட்டு சிலிண்டரில் பெரிதாக 'விலையைக் குறை' என்று எழுத ஆரம்பித்தார். மூட்டை தட்டையானது, சிலிண்டர் உருண்டையானது. கடைசி எழுத்துக்கு இடம் பத்தாமல் அது மட்டும் வால்மாதிரி கீழே தொங்கியது.

அதை நானே தூக்குவேன் என்று பிடிவாதம் பிடித்துத் தூக்கினேன். வாசற்படியில் நழுவிவிட்டது. அடி வளையம் ஒரு பக்கம் நெளிந்துவிட்டது. "காலு தப்பிச்சே, அதைச் சொல்லுங்க" என்றாள் சொர்ணம்.

தள்ளுவண்டியில் ஏற்றி ஊர்வலமாகப் போனோம். தங்கத்தேர் மேனேஜர் மறுப்பார், நான் வாசலில் படுப்பேன், பிறகு உண்ணாவிரதம் என்று மூன்று நாளைக்குத் திட்டம் வைத்திருந்தேன். தலையணைகூட எடுத்துப் போயிருந்தேன். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பதினோரு சீட்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று மோர் கொடுத்தார். எதிர்க்காத எதிரியைப்போலக் கொடுமைக்காரன் உலகத்தில் கிடையாது. மோர் குடிக்கலாமா என்று தீர்மானத்தில் எதுவும் இல்லை. பதினோரு டம்ளரையும் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம், பிறகு அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு வந்தோம். நல்ல மோர். கொத்தமல்லியெல்லாம் போட்டிருந்தது.

வெள்ளிமலரில் சீட்டை வாங்கிக்கொண்டு, பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். பத்தொன்பது நாள் ஆனது. லைனில் எல்லா வீட்டிலும் சுள்ளி. புகை கிளம்புவதைப் பார்த்துவிட்டு ஆலை திறந்துவிட்டதோ என்று ஒரு பெரியவர் சைக்கிளில் வந்து விசாரித்துப் போனார். சொர்ணம் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினாள். என்னைத் திட்டவில்லை. ஊதுவாள், இருமுவாள், என் சட்டைப்பையை ஒரு பார்வை பார்ப்பாள், மறுபடி ஊதுவாள். பதினாறாம் நாள் கேஸ் விலை இன்னொரு தடவை ஏறியது. அன்றைக்கு இரண்டு தடவை பார்த்தாள்.

இருபதாம் நாள் காலையில் லைன் முனையில் வண்டிச் சத்தம் கேட்டது. எல்லோரும் ஓடினோம். வண்டியில் வெள்ளிமலர் என்று போர்டு. ஓட்டி வந்தவன் இன்னாசி.

"நீ தங்கத்தேர் ஆள்லா?" என்றேன்.

"போர்டு மட்டுந்தான் அண்ணாச்சி மாறும். வண்டியும் நாந்தான், குடோனும் ஒண்ணுதான். பெரிய முதலாளிக்கு ரெண்டு மருமகன். சண்டை வரக் கூடாதுன்னு ஆளுக்கொரு போர்டு எழுதிக் குடுத்திருக்காரு." முதல் சிலிண்டரை இறக்கி என் வாசலில் உருட்டினான்.

அதில் சிவப்பு எழுத்தில் 'விலையைக் குறை' என்று இருந்தது.

மாடக்கண்ணுதான் முதலில் வாயைத் திறந்தார். "தலைவரே, வெள்ளிமலரே நம்ம கோரிக்கைய எழுதி அனுப்பிருக்கான்." குனிந்து உற்றுப் பார்த்தார். "கை நல்ல கைதான். கடைசி எழுத்துக்கு இடம் விடத் தெரியல. எழுதி எழுதித்தான் பழகணும்."

ஏஜென்சியே நம் பக்கம் வந்துவிட்டது என்று மற்ற எட்டு வீட்டாரும் கை தூக்கினார்கள். தீர்மானம் எதுவும் படிக்கவில்லை, பழக்கத்தில் தூக்கிவிட்டார்கள். நாற்பத்தொரு வருஷம், இருபது போராட்டம். வந்துவிட்டது என்று நினைத்தேன்.

சொர்ணம் ஊதாங்குழலோடு வெளியே வந்தாள். சிலிண்டரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். காலால் அடி வளையத்தைத் தட்டினாள். "இந்த நெளிசல் நம்ம வாசப்படியில விழுந்தது. இது நம்ம சிலிண்டரு" என்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள், "விலை என்ன?"

"ஏறியிருக்கு."

"ஆளு யாரு?"

"இன்னாசி."

"சிலிண்டரு?"

"நம்மளது."

"அப்பம் ஸ்டாம்பைக் குடுங்க."

பைக்குள் கையை விட்டேன். ஸ்டாம்பின் மரப்பிடி என் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. பாதி வெளியே எடுத்துவிட்டேன்.

"ஒரு நிமிஷம் தோழர்" என்றார் தாவீது. கண்ணை மூடினார். இன்னாசி மற்ற பத்து சிலிண்டரையும் பத்து வீட்டில் இறக்கி முடிக்கிறவரை திறக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஆலைக்குள்ள நாம ரெண்டு பேரை அனுப்பினோம். எப்படித் திரும்பி வந்தாங்க?"

"காவலாளியா" என்றோம். தாவீது சிலிண்டரைக் கைகாட்டினார்.

"இவரு எதிரி குடோனுக்குள்ள போயிருக்காரு. இருபது நாள் உள்ள இருந்திருக்காரு. என்னென்ன சொல்லிப் பாத்திருப்பாங்களோ. கோரிக்கைய அழிக்காம திரும்பி வந்திருக்காரு. நம்ம குழுவுல இதுவரைக்கும் யாராவது அப்படி வந்ததுண்டா?"

மாடக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சிலிண்டரின் கழுத்தில் போட்டார்.

"இதுக்குப் பேரு வெற்றி இல்லேன்னா, தோழர், வெற்றிக்கு நாம வேற பேருதான் தேடணும்" என்று முடித்தார் தாவீது.

தீர்மானம் எழுதினேன். இந்தத் தடவை முறைப்படி கை தூக்கினார்கள். இருபதாவது போராட்டம் வெற்றி. ஸ்டாம்பைக் குத்திப் பைக்குள் போட்டேன். முத்திரை சாய்ந்து விழுந்தது, பரவாயில்லை.

சொர்ணம் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "சரி, ஜெயிச்சாச்சு. கொண்டு வந்து அடுப்புல மாட்டுங்க. உலை வைக்கணும்" என்றாள்.

"தோழரையா?" என்றார் மாடக்கண்ணு.

நாங்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எதிரியிடம் போய் மானத்தோடு திரும்பிய ஒரே தோழரை நாமே எரிப்பதா? குழாயடி வரைக்கும்கூடப் போகவில்லை, வாசலிலேயே கூட்டம். எரிப்பதில்லை என்றும், அவரைத் துணைத் தலைவராக ஏற்பது என்றும் ஒருமனதாக முடிவானது. அவர் மட்டும் கை தூக்கவில்லை. தன்னடக்கம் என்றார் தாவீது.

சொர்ணம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "ஸ்டாம்பு உங்ககிட்டயே இருக்கட்டும். ஜெயிச்சவுககிட்ட நான் எதுவும் பிடுங்க மாட்டேன்" என்று சொல்லி, ஊதாங்குழலை என் கையில் கொடுத்துவிட்டுத் தாவீது வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கே அப்போது கேஸ் அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது.

இப்போது ஏழாவது லைனில் பத்து வீட்டில் கேஸ் எரிகிறது. தலைவர் வீட்டில் மட்டும் சுள்ளி. நான்தான் சமைக்கிறேன். ரசம் ஓரளவு வருகிறது, சோறு இன்னும் தீர்மானத்துக்குக் கட்டுப்படவில்லை. கூட்டம் எல்லாம் என் அடுப்படியில்தான் நடக்கிறது, உலையை விட்டு நான் நகர முடியாது. துணைத் தலைவர் நிறை சிலிண்டராக, கழுத்தில் துண்டோடு, மூலை நாற்காலியில் இருக்கிறார். இதுவரை ஒரு தீர்மானத்தையும் எதிர்த்ததில்லை.

நேற்று விலை மறுபடி ஏறியதாம். இருபத்தொன்றாவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வெள்ளிமலரிலிருந்து தங்கத்தேருக்கே திரும்ப மாறுவது என்று தாவீது கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்திருந்தார். உலை பொங்கியது, நான் நாலு சுள்ளியை உள்ளே தள்ளி ஊதினேன். வாசல் பக்கமிருந்து சொர்ணத்தின் குரல் வந்தது.

"ஏங்க, துணைத் தலைவரைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க. தீப்பொறி பறக்குது."

நாற்காலியை நகர்த்தலாமா என்று வாக்கெடுப்புக்கு விட்டிருக்கிறோம்.